உப்புவெளி வீட்டு ஓட்டுக்கூரை: ஒழுக்குத் திருத்தப் பதிவு

திருகோணமலையில் கூரையைச் சோதிக்கும் மழை ஏறக்குறைய ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஐப்பசிப் பிற்பகுதியில் தொடங்கித் தை வரை நீளும் மாரியில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சானோ வறண்ட காற்று. உப்புவெளியில் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள என் அக்காவின் வீட்டில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். பின்னர் சேர்த்த விறாந்தை தவிர, ஒரே ஆட்கள், ஒரே ஓட்டைக் கொண்டு, ஒரே மூச்சில் போட்ட கூரை அது. மேற்குச் சரிவின் கீழுள்ள குசினியும் பின்னறையும் கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு நீரையும் காணவில்லை. கிழக்குச் சரிவின் கீழுள்ள மண்டபமும் விறாந்தையுமோ ஒவ்வொரு கார்த்திகையிலும் வாளிகளும் சட்டிகளும் வரிசையாக நிற்கும் இடங்களாகிவிட்டன. கச்சான் காலத்தில் ஓட்டை இறக்கி, ஓட்டைத் தாங்கும் சிலாகைகளை மாற்றி, இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தைத் திரும்பக் கட்டிய வேலையின் விபரம் இது.

முகட்டு வளையிலிருந்து சுவர் வளை வரை இறங்கும் கைமரங்கள், அவற்றின் மேல் குறுக்கே அடித்த 2×1 அங்குலச் சிலாகைகள், அடிப்புறத்தில் துருத்தி நிற்கும் மூக்கைச் சிலாகையில் கொளுவித் தொங்கும் கலிகட் ஓடுகள், கீழே தட்டையான கல்நார் சீற்றில் சீலிங்: நம் ஊரில் கடந்த பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றைப் போன்ற கூரைதான். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் வேறு தடுப்பு ஏதும் இல்லை. இவ்வகை ஓட்டை 1865 இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொழிற்சாலை அமைத்துச் செய்யத் தொடங்கினார். இன்று இலங்கையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி தங்கொட்டுவ, வைக்கால் பக்கத்திலிருந்து வருகிறது. ஏறத்தாழ 16 அங்குல நீளமும் 9¼ அங்குல அகலமும் உள்ள இந்த ஓட்டின் ஒரு விளிம்பில் மேற்புறமாக ஒரு தவாளிப்பும் (நீளக் குழிவு), மறு விளிம்பில் கீழ்ப்புறமாக ஒரு வரம்பும் இருக்கின்றன. பக்கத்து ஓட்டின் வரம்பு இந்தத் தவாளிப்பில் அமர்கிறது. மேல் வரிசை ஓட்டின் அடி விளிம்பு கீழ் வரிசை ஓட்டின் தலைப் பகுதியிலுள்ள மேட்டைத் தாண்டிக் கௌவிக்கொள்கிறது.

இந்தப் பொருத்துகள் எதுவும் நீர் புகாத பொருத்துகள் அல்ல என்பதை ஓட்டு வேலை செய்பவர்களிலேயே பலர் கவனிப்பதில்லை. பெருமழையில் பக்கப் பொருத்துக்குள் நீர் இறங்கத்தான் செய்யும். இறங்கிய நீர் தவாளிப்பு வழியே ஓடி, கீழ் ஓட்டின் முகத்தில் வெளியே கொட்டிவிட வேண்டும் என்பதே ஓட்டின் அமைப்பு. நீருக்கு வழி விடும் கூரையை நீரை அடைக்கும் கூரையாக எண்ணிச் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஒழுக்கைக் கூட்டும். அக்காவின் வீட்டில் முன்னர் நடந்த திருத்தங்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. முதலில் ஒருவர் முகட்டின் வெடிப்புகளுக்கு மேல் சீமெந்துச் சாந்தைப் பூசினார். அடுத்து வந்தவர் கிழக்குச் சரிவின் பக்கப் பொருத்துகளிலும் அடி விளிம்புகளிலும் சிலிக்கோனை இழுத்துவிட்டார். பின்னர் கூரை முழுவதற்கும் சிவப்பு நிறத்தில் ஓட்டுப் பூச்சு அடிக்கப்பட்டது. சிலிக்கோன் இழுத்த இடங்களில் ஓட்டைத் தூக்கிப் பார்த்தபோது, தவாளிப்புக்குள் இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தேங்கியிருந்ததும், அதனோடு வந்த மண்ணும் பாசியும் ஒரு விரற்கடை உயரத்துக்கு இறுகியிருந்ததும் தெரிந்தன. அந்த மண் மேட்டுக்கு மேலால்தான் நீர் உட்பக்கம் வழிந்திருக்கிறது.

ஒழுக்குத் தெரியும் இடமும் நீர் புகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஆகையால் ஓட்டில் கை வைப்பதற்கு முன்னர் சீலிங்கின் திறப்பு வழியாக மேலே ஏறிப் பார்த்தேன். கல்நார் சீற்றில் ஒருபோதும் கால் வைக்கக்கூடாது. அது உடைந்தால் விழுவது ஒரு ஆபத்து, எழும் தூசி இன்னொன்று. குறுக்கு உத்தரமான தீராந்தியில் பலகை போட்டு அதன் மேலேயே இருந்தேன். நடுப்பகலில், விளக்கில்லாமல், கண் இருளுக்குப் பழகியதும் ஓட்டுகளுக்கிடையில் வெளிச்சம் தெரியும் இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஓரிரண்டு ஊசிமுனை வெளிச்சங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முகட்டுக்குக் கீழே மூன்று வரிசைகளில் தொடர்ச்சியாகத் தெரிந்த மெல்லிய கோடுகள் வேறு கதை. அதன் பின் டோர்ச்சைக் கைமரத்தோடு சாய்த்துப் பிடித்தேன். ஆண்டுக்கணக்கில் படிந்த தூசியின் நடுவே, கைமரத்தின் பக்கவாட்டில், ஒரு விரல் அகலத்துக்கு மரம் கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதன் இரு ஓரங்களிலும் வெள்ளை நிறத்தில் சுண்ணம் கோடாகப் படிந்திருந்தது. அந்தத் தடம் முகட்டடியில் தொடங்கி எட்டடிக்கு மேல் இறங்கி, ஒரு ஆணித் தலையில் தடைப்பட்டு, அங்கிருந்து நேரே மண்டபத்துச் சீலிங்கின் கறை மேல் முடிந்தது. கறைக்கு நேர் மேலே இருந்த ஓடுகள் மூன்றை முன்னைய திருத்தக்காரர் புதிதாக மாற்றியிருந்தார். அவற்றில் குறை ஏதும் இருந்திருக்கவில்லை.

அடுத்தது குழாய் நீர்ச் சோதனை. கீழ் வரிசையிலிருந்து தொடங்கி மேல் நோக்கிப் போக வேண்டும் என்பதே இதில் முக்கியம். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா வரிசைகளையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த வரிசை ஒழுகியது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்து நிமிடம் அளவில் நீரை விட்டு, உள்ளே ஒருவர் டோர்ச்சுடன் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அதன் பின்னரே மேலே நகர்ந்தோம். நேரே நீர் விட்டபோது முகட்டடி வரிசைகள் தாங்கின. வாடை அடிப்பதுபோல் கீழிருந்து மேல் நோக்கிச் சாய்த்துப் பீச்சியதும் நீர் உள்ளே வந்தது. பள்ளப் பகுதியும் விறாந்தையும் நேரே விட்ட நீருக்கே ஒழுகின.

முகட்டடியில் நடந்தது சிலாகை இடைவெளிப் பிழை. இந்த ஓட்டுக்குச் சிலாகையின் மேல் விளிம்பிலிருந்து அடுத்த சிலாகையின் மேல் விளிம்பு வரை 12½ அங்குலம் இருக்க வேண்டும். ஓட்டுக்கு ஓடு அளவு சற்று மாறும் என்பதால் தாளில் உள்ள அளவை நம்பாமல் கையிலுள்ள ஓட்டிலேயே அளந்துகொள்வது நல்லது: பதினொரு ஓட்டை நிலத்தில் ஒன்றோடொன்று கொளுவி, முதல் ஓட்டின் மூக்கிலிருந்து கடைசி ஓட்டின் மூக்கு வரையான நீளத்தை ஒருமுறை இயன்றவரை நெருக்கியும் ஒருமுறை இயன்றவரை இழுத்தும் அளந்து, இரண்டுக்கும் நடுவான அளவைப் பத்தால் வகுத்தால் சரியான இடைவெளி கிடைக்கும். இந்தக் கூரையில் தாழ்வாரத்திலிருந்து நடுப்பகுதி வரை 12½ சரியாக இருந்தது. மேலே போகப் போக 12¾, 13, முகட்டை அண்டிய மூன்று இடைவெளிகளில் 13¼. கீழிருந்து அளந்து அடித்துக்கொண்டு போனவருக்கு முகட்டடியில் இரண்டு மூன்று அங்குலம் எஞ்சியிருக்கிறது. இன்னொரு வரிசைக்கு அது போதாது, விட்டுவிடவும் முடியாது. ஆகவே மேல் வரிசைகளில் இழுத்துச் சமாளித்திருக்கிறார். அப்படி இழுத்தபோது மேல் ஓட்டின் அடி விளிம்பு கீழ் ஓட்டின் மேட்டைத் தாண்டிக் கௌவாமல் அதன் மேலேயே ஏறி நின்றுவிட்டது. நேராகப் பெய்யும் மழைக்கு மீதமிருந்த இரண்டேமுக்கால் அங்குல மேற்படிவு போதும். காற்றோடு ஏறிவரும் மழைக்கு அந்த இடைவெளி திறந்த கதவு.

தம்பலகாமத்திலிருந்து வந்த, ஓட்டு வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் நான் அளந்து முடிக்கும் முன்னரே இதைச் சொல்லிவிட்டார். "ஓட்டைக் குறை சொல்லாதீங்க தம்பி. சிலாகை அடிக்கேக்க முகட்டில இருந்து நூல் பிடிச்சுப் பார்த்திருந்தா இந்த வேலையே இல்லை" என்றார். சதுரக் கணக்கில், அதாவது நூறு சதுர அடிக்கு இவ்வளவு என்று, கூலி பேசும் வழக்கத்தில் அளப்பதற்கான நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாங்கள் மேற்பாதிச் சிலாகைகளைக் கழற்றி, கைமரத்தின் மீத நீளத்தை அளந்து, இடைவெளிகளைச் சமமாகப் பங்கிட்டு, ஓட்டின் இழுவைக்குள் அடங்கும்படி திரும்ப அடித்தோம். அதற்காக ஒரு சிலாகையும் ஒரு வரிசை ஓடும் கூடுதலாகத் தேவைப்பட்டன. மேற்குச் சரிவையும் திறந்து பார்த்தபோது அங்கும் அதே பிழை அப்படியே இருந்தது. காற்று அந்தப் பக்கத்தில் மழையைக் கொண்டுவந்து அடிக்காததால் அது இதுவரை வெளிப்படவில்லை.

விறாந்தையின் குறை வேறு வகையானது. என் பார்வையில் இவ்வீட்டின் மிகப் பெரிய குறையும் அதுதான். பிரதான கூரையின் சரிவு 2 அடி இரசமட்டத்துக்கு 13½ அங்குல ஏற்றம், அதாவது 29 பாகைக்குச் சற்று மேல். கடலோரத்துக்கு ஏற்ற சரிவு. பின்னர் சேர்க்கப்பட்ட விறாந்தையை அதே சரிவில் நீட்டினால் தாழ்வாரம் தலையில் இடிக்கும் என்பதால் சரிவை உடைத்து, 2 அடிக்கு 7 அங்குல ஏற்றத்தில் இறக்கியிருந்தார்கள். அது 16 பாகை. கலிகட் ஓட்டுக்கு 25 பாகைக்குக் குறையாத சரிவு வேண்டும். அதற்குக் கீழே போனால், கைமரச் சரிவிலும் குறைவான சரிவில் கிடக்கும் ஓட்டில் நீர் மெதுவாகி, காற்று அதை எளிதாகப் பின்னோக்கித் தள்ளிவிடும். பிரதான கூரையின் முழு நீரும் இந்தத் தாழ்ந்த சரிவின் மேல் வந்து விழுகிறது என்பதையும் கணக்கில் எடுத்தால், இங்கே எந்த ஓட்டை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒழுகும் என்பது விளங்கும். விறாந்தைக்குத் தகரம் மட்டும் போட்டுவிடலாம் என்பது என் விருப்பமாக இருந்தது. வீட்டின் முகப்பில் ஓடுதான் தெரிய வேண்டும் என்று அக்கா உறுதியாக நின்றார், வீடு அவருடையது. ஆகவே அலுமினிய துத்தநாகப் பூச்சுள்ள நெளிதகட்டைக் கைமரங்களின் மேல் போட்டு, நெளிவின் முகடுகளில் திருகாணி இறக்கி, அந்த முகடுகளின் மேல் சிலாகை வைத்து ஓட்டை ஏற்றினோம். சிலாகை முகட்டில் நிற்பதால் நெளிவின் பள்ளங்கள் திறந்திருக்கின்றன. ஓட்டைத் தாண்டி இறங்கும் நீர் தடையின்றித் தாழ்வாரத்து மழைநீர்ப் பீலிக்குள் போகிறது. தட்டையான தகட்டின் மேல் சிலாகையை நேரே அடித்திருந்தால் ஒவ்வொரு சிலாகையும் ஒரு சிறு அணையாகியிருக்கும். அப்போது சரிவோடு ஓடும் பட்டிகளை முதலில் அடித்து, அவற்றின் மேலேயே சிலாகை வைக்க வேண்டும். தகட்டின் மேல் விளிம்பு பிரதான கூரையின் ஓட்டுக்கு அடியில் ஓரடி உள்ளே போகிறது. இப்போது விறாந்தையில் மழையைத் தாங்குவது தகடுதான், ஓடு அழகுக்கு.

முன் மண்டபம் பிரதான கூரையோடு சேரும் இடத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. வடக்குப் பள்ளத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், தெற்கும் அதே மாதிரிதான். ஓட்டை விலக்கியதும் ஓரடி அகலத் தட்டைத் தகடு ஒன்று தெரிந்தது. அதன் ஓரங்கள் மடிக்கப்படவில்லை. நீர் சற்று உயர்ந்தாலே ஓரத்தைத் தாண்டிக் கைமரத்தில் இறங்கும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் கீழ்த்தகடு மேல்தகட்டின் மேலே கிடந்தது. மேலிருந்து வரும் நீர் நேரே இரண்டுக்கும் நடுவே நுழைய அதைவிட வசதி செய்ய முடியாது. வெட்டிய ஓட்டு விளிம்புகள் அழகாகத் தெரிய வேண்டும் என்று இருபுறமும் சீமெந்துச் சாந்து அடைக்கப்பட்டிருந்தது. முற்றத்து வேம்பின் சருகுகள் அந்தச் சாந்தில் தட்டுப்பட்டு, ஈரம் குறையாத ஒரு மெத்தையாகக் கிடந்தன. சாந்து தொட்ட கோடு நெடுகத் தகட்டின் பூச்சு வெளுத்துப் பொரிந்து, சில இடங்களில் துளையும் விழுந்திருந்தது. ஈரச் சீமெந்தின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். புதிய தகடு 2 அடி அகலம். இரு ஓரமும் அரை அங்குலம் மேல்நோக்கி மடித்தது. அடியில் இருபுறமும் முழு நீளத்துக்குப் பலகை வைத்தோம், தகடு தொங்கக்கூடாது என்பதற்காக. மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் 8 அங்குலம் ஏறுகிறது. நடுவில் 5 அங்குல வாய்க்கால் திறந்தபடி இருக்கிறது, சாந்து ஒரு கரண்டியும் இல்லை. முக்கோணமாக வெட்டிய சிறு ஓட்டுத் துண்டுகளுக்கு மூக்கு இல்லாததால் அவற்றைத் துளையிட்டுக் கம்பியால் கட்டினோம். பெரியவர் வழமைப்படி செப்புக் கம்பியைக் கேட்டார். செம்பைத் தொட்டு வரும் நீர் இந்தத் தகட்டைத் தின்றுவிடும் என்பதால் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியையே வாங்கினேன்.

முகட்டோடுகளைக் கழற்றுவதற்குச் சிரமப்படவேயில்லை. பாதி, கை வைத்ததும் வந்துவிட்டன. சீமெந்து மிகுந்த சாந்து காயும்போது சுருங்கி வெடிக்கும், அதன் மேல் பூசிய அடுத்த படையும் அதே கோட்டில் வெடிக்கும். முகட்டின் உள் முழுவதும் சாந்தை அடைத்திருந்ததால் வெடிப்பில் இறங்கிய நீர் சாந்தில் ஊறி உள்ளே சொட்டியிருக்கிறது. சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையில், கிண்ணியாப் பக்கத்து ஆற்று மணலைக் கொண்டு, ஓட்டின் இரு விளிம்புகளில் மட்டும் சாந்து வைத்து நடுவை வெறுமையாக விட்டோம். கடல் மணல் எவ்வளவு கிட்டக் கிடந்தாலும் தொடக்கூடாது. ஓட்டை முதலில் நீரில் நனைத்து வைத்தோம், சாந்தை விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே நிறுத்தினோம், சில நாட்கள் ஈரச்சாக்கால் மூடினோம். முகட்டோடு மேல் வரிசை ஓட்டின் மேல் மூன்று அங்குலமாவது படிய வேண்டும். சிலாகையைச் சரி செய்த பின் அது தானாகவே கிடைத்தது.

தாழ்வாரத்தில் கடைசிச் சிலாகையை ஒரு ஓட்டின் தடிப்பு அளவுக்கு உயர்த்தாமல் விட்டிருந்ததால் முதல் வரிசை முன்புறம் குனிந்து, இரண்டாம் வரிசையின் அடியில் வாய் திறந்திருந்தது. ஒரு பட்டியைச் சேர்த்து அடித்ததும் சரியாகிவிட்டது. ஓடு பீலிக்குள் இரண்டு அங்குலம் நீண்டிருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம், இல்லையெனில் நீர் பின்னோக்கி வழிந்து தாழ்வார ஓரத்து வலன்ஸ் பலகையை அரிக்கும். தாழ்வாரத்து முதல் இரண்டு வரிசைகளையும், முகட்டடி வரிசையையும், கூம்புச் சுவர் ஓரத்து ஓடுகளையும் ஒவ்வொன்றாகக் கட்டினோம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்று முதலில் கிளப்புவது நடுக்கூரையை அல்ல, இந்த ஓரங்களைத்தான்.

டிஷ் அன்ரனாவின் கால் ஓட்டைத் துளைத்து இறக்கிய இரண்டு ஆணிகளால் நின்றது. அதைச் சுவருக்கு மாற்றினோம். குரங்குகள் நகர்த்திய ஓடுகளைத் தள்ளிச் சரி செய்தோம். அதற்கு நிரந்தரத் தீர்வு எதையும் நான் கண்டதில்லை.

ஓட்டின் தரத்தைப் பற்றியும் சந்தேகம் இருந்தபடியால் சிலவற்றை எடுத்துச் சோதித்தேன். தட்டினால் கணீரென்ற ஒலி வர வேண்டும். அடங்கிய ஒலி தரும் ஓட்டில் வெடிப்பு இருக்கும், அல்லது சூளையில் சுட்டதில் குறை. நன்கு காய்ந்த ஓடு ஒன்று 2,400 கிராம் இருந்தது. 24 மணி நேரம் நீரில் கிடந்து, மேல் ஈரத்தைத் துடைத்த பின் 2,760 கிராம். எடையில் 15 சதவீதம் நீர். கைவசம் கிடைக்கும் ஓடுகளில் இதை நான் குறையாகக் கருதமாட்டேன். சதுரத்துக்கு 140 ஓடு அளவில் பிடிக்கும். அப்படியானால் நனைந்த கூரையில் ஒவ்வொரு சதுரமும் 50 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. மெலிந்த கைமரங்களின் மேல் ஓட்டை ஏற்ற நினைப்பவர்கள் இந்த எடையைக் காய்ந்த நிலையில் கணக்கிடக்கூடாது. பூச்சு அடித்த முகம் பல ஓடுகளில் படையாக உரிந்து வந்தது. அடிப்பக்கத்தால் உறிஞ்சிய ஈரம் மேலே வெளியேற முடியாமல் பூச்சைத் தள்ளியிருக்கிறது. திரும்பப் பூச்சு அடிக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். பாசி படர்ந்த தவாளிப்புகளைத் தென்னை ஈர்க்குக் கட்டால் தேய்த்துக் கழுவியதே போதுமானதாக இருந்தது.

வேலைக்குப் பின் வந்த கார்த்திகை மழையில் மண்டபமும் விறாந்தையும் நனையவில்லை. வடக்குப் பக்கத்தில் கூரை மேல்மாடிச் சுவரோடு சேரும் மூலையில் மட்டும் ஒரு கறை மெதுவாகப் பெருகியது. அங்கே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் சாந்துத் திரணைதான் இருக்கிறது. மரக்கூரை வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசைகிறது, சுவர் அசைவதில்லை, நடுவில் உள்ள சாந்து விரிந்துவிடுகிறது. சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குத் தவாளிப்பு வெட்டி, படிப்படியாகத் தகட்டைச் செருகி, அதன் கீழ் விளிம்பை ஓட்டின் மேல் தளர்வாக விட வேண்டும். மழை ஓய்ந்து சுவர் காய்ந்ததும் அதைச் செய்வதாகப் பெரியவரோடு பேசி வைத்திருக்கிறேன்.

ஒரு தொழிற்சாலையின் அச்சு இன்னொன்றின் அச்சோடு பொருந்துவதில்லை. ஒரே அளவாகத் தெரியும் ஓடுகளும் தவாளிப்பில் ஒன்றோடொன்று அமரமாட்டா. மேலதிக வரிசைக்கான ஓட்டைத் தேடியபோது, பழைய ஓட்டின் அடியில் பொறித்திருந்த பெயரைக் காட்டிக் கடை கடையாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே கிடைத்த இடத்திலேயே ஐம்பது ஓடு கூடுதலாக எடுத்து, பின்வளவுக் கொட்டிலில் குத்தென நிறுத்தி அடுக்கி வைத்திருக்கிறோம். படுக்கையாக அடுக்கினால் அடி ஓடுகளின் மூக்கு உடைந்துவிடும்.